ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து வரும் செய்தி: அமெரிக்காவில் பிள்ளை படிக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்கள் டெக்சஸுக்கு, டாலஸ் பக்கம், குடிவந்த இரண்டாவது மாதம். மகள் மூன்றாம் வகுப்பு. மதியம் இரண்டு மணிக்கு ஃபோனில் ஒரு மெசேஜ் வந்தது. பள்ளி "செக்யூர்" நிலையில் இருக்கிறது, பக்கத்துத் தெருவில் போலீஸ் நடவடிக்கை, வகுப்புகள் வழக்கம்போல் நடக்கின்றன என்று மூன்றே வரி. போலீஸ் என்ற சொல்லுக்கு மேல் எதுவும் என் கண்ணில் படவில்லை. மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். பள்ளிக்கு அரை மைல் முன்னாலேயே சாலையை மறித்திருந்தார்கள். நாற்பது நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். மகள் அந்த நேரத்தில் வகுப்பில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். வெளிக்கதவுகளைப் பூட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

எதிர்வீட்டுத் தெலுங்கு அக்காவின் பையனும் அதே பள்ளிதான். அவர் அன்று வீட்டை விட்டு நகரவே இல்லை. "செக்யூர்னா ஆபத்து வெளியே, பிள்ளைங்க உள்ளே. லாக்டவுன்னு வந்தாதான் பயப்படணும்" என்று மாலையில் அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரே மெசேஜ்தான் இருவருக்கும் வந்தது. அவருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

புதிதாக வருகிற நம் குடும்பங்கள் அந்த நாற்பது நிமிடத்தைக் கடக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டிஸ்ட்ரிக்டுகள் நிறையவே சொல்கின்றன. அது உங்களிடம் சரியாக வந்து சேர, அமைதியான ஒரு நாளில் உட்கார்ந்து நீங்கள் செய்துவைக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

டிஸ்ட்ரிக்ட் என்பது யார்?

நம் ஊரில் பள்ளி என்றால் தலைமையாசிரியர், அவருக்கு மேலே கல்வி அதிகாரி, அதற்கும் மேலே சென்னை. இங்கே அப்படியில்லை. நாடு முழுக்கச் சுமார் 13,000 ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஒரு போர்டு உண்டு. அந்த போர்டு நியமிக்கிறவர் சூப்பரின்டென்டன்ட். டெக்சஸில் இதை ஐஎஸ்டி என்பார்கள், சுயேச்சை டிஸ்ட்ரிக்ட் என்று பொருள். நகராட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. உங்கள் வீட்டு முகவரி ஒரு நகரத்திலும் பள்ளி வேறொரு டிஸ்ட்ரிக்டிலும் இருக்கலாம். அதனால் நகராட்சியின் அவசரச் செய்திக்குப் பதிவு செய்திருந்தால் பள்ளிச் செய்தியும் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு.

படி 1: ஆகஸ்ட் மாதப் படிவம், அதில் உங்கள் பெயர்

ஒவ்வொரு கல்வியாண்டுக்கு முன்பும் டிஸ்ட்ரிக்ட் ஆன்லைனில் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லும். போன வருஷம் போட்டதுதானே என்று "அடுத்து, அடுத்து" என்று தட்டிவிட்டுப் போகிற பக்கம் அது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவசரச் செய்தி எந்த எண்ணுக்குப் போகும் என்பதையும், பிள்ளையை யார் கையில் ஒப்படைக்கலாம் என்பதையும் முடிவு செய்கிற பக்கம் அதுதான்.

முதலில் எண்கள். அம்மா, அப்பா இருவரின் அமெரிக்க எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். வந்த புதிதில் இருவருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, அப்புறம் மாற்ற மறந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கம்பெனி ஃபோனைக் கொடுத்திருந்தால், வேலை மாறும்போது அந்த எண் கூடவே போய்விடும். மூன்றாவதாக ஓர் அவசரத் தொடர்பு கட்டாயம் வேண்டும். இங்கே நமக்குச் சித்தப்பா, மாமா யாரும் பக்கத்துத் தெருவில் இல்லை. பத்து நிமிடத்தில் பள்ளிக்கு வந்து சேரக்கூடிய நண்பர் யார் என்று யோசித்து, அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது பெயர். இது நமக்கே உரிய சிக்கல், நிதானமாகப் பாருங்கள். ஓர் உதாரணம். பிள்ளை நிலா செந்தில். அப்பா செந்தில் முருகேசன். அம்மா கவிதா ராமலிங்கம். கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் தாத்தா முருகேசன் பொன்னுசாமி. நமக்கு இது ஒரே குடும்பம் என்று பார்த்தவுடன் தெரியும். பள்ளி அலுவலகத்தில் இருப்பவருக்கு நான்கு பேருக்கும் நான்கு குடும்பப் பெயர்கள்தான் தெரியும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியாது, என்று அச்சாகி வரும். அதே அப்படியே டிரைவர் லைசென்ஸிலும் ஏறிவிட்டவர்கள் உண்டு.

பிள்ளையை அழைத்துப்போக வருபவர் புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அதில் இருக்கும் பெயரும் பள்ளிப் பதிவில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை என் மாமனார் மகளைச் சீக்கிரம் கூட்டிவரப் போனார். படிவத்தில் நான் அவர் பெயரை, வீட்டில் எல்லோரும் அழைக்கிற மாதிரி, சுருக்கி எழுதியிருந்தேன். பாஸ்போர்ட்டில் இருந்தது முழுப்பெயர். அலுவலகப் பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் விடவில்லை. எனக்கு ஃபோன் போட்டு உறுதிசெய்யும்வரை மாமனார் வாசலில் நின்றிருந்தார். அந்தப் பெண்மணி செய்ததுதான் சரி, தப்பு என்னுடையது. அதனால் லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்து நிரப்புங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், வந்த வாரமே அவர்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள். திரும்பிப் போனதும் நீக்கிவிடுங்கள்.

அந்தப் படிவத்திலேயே மொழி பற்றி இரண்டு இடங்களில் கேட்பார்கள். நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்று என்று குழப்பிக்கொள்கிறார்கள். வீட்டில் பேசும் மொழி எது என்பது ஒரு கேள்வி. அதற்குத் தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, உண்மையை எழுதுங்கள். பள்ளியிலிருந்து வரும் செய்தி உங்களுக்கு எந்த மொழியில் வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அரசு நிதி பெறும் அமைப்புகள் பிறந்த நாட்டை வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் மொழிபெயர்ப்பாளர் கேட்பதற்கான அடிப்படை அதுதான். பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால், பல டிஸ்ட்ரிக்டுகள் ஃபோன் வழியாக ஒருவரை ஏற்பாடு செய்து தருகின்றன. உங்கள் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம். அது இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. எச்-4 விசாவில் வந்த பிள்ளைகள் பலருக்கு அந்த எண்ணே கிடையாது. எண் இருந்தாலும் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பல டிஸ்ட்ரிக்டுகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் அமைப்பில் 2024 டிசம்பரில் ஊடுருவல் நடந்து, மாணவர்கள், ஆசிரியர்களின் விவரங்கள் திருடு போயின. கொடுக்காத எண் திருடு போகாது.

படி 2: செய்தி வரும் வழிகளைத் திறந்து வையுங்கள்

ஒரே டிஸ்ட்ரிக்ட் ஐந்தாறு வழிகளில் பேசும். அவசரத்துக்கு ஃபோன் அழைப்பு, மெசேஜ், ஈமெயில் மூன்றும் ஒரே நேரத்தில் வரும். அதற்குப் பேரன்ட்ஸ்கொயர், ஸ்கூல்மெசெஞ்சர் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. வகுப்பு ஆசிரியர் ரிமைண்டிலோ கிளாஸ்டோஜோவிலோ எழுதுவார். மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் ஸ்கைவர்ட், பவர்ஸ்கூல், இன்ஃபினிட் கேம்பஸ் மாதிரியான ஒரு போர்ட்டலில் இருக்கும். பஸ்ஸுக்குத் தனி ஆப். சாப்பாட்டுக் கணக்குக்கு இன்னொன்று. முதல் வாரத்தில் தலை சுற்றும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பழக வேண்டியதில்லை. அவசரச் செய்தி வரும் வழியை மட்டும் முதல் நாளே சரிசெய்யுங்கள்.

டிஸ்ட்ரிக்டின் அழைப்பு எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று பார்த்து, அதைப் பெயர் போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். நம்மில் பாதிப் பேர் விளம்பர அழைப்புகளின் தொல்லையால் தெரியாத எண்களை ஒலிக்கவிடாமல் ஃபோனில் அடைத்து வைத்திருக்கிறோம். சேமிக்காத பள்ளி எண்ணும் அதில் அடைபட்டுப் போகும். ஐஃபோனில் அந்தத் தொடர்பைத் திறந்து, ரிங்டோன் பகுதியில் எமர்ஜென்சி பைபாஸ் என்பதை இயக்கிவிட்டால், ஃபோன் சைலன்ட்டில் இருந்தாலும் ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் அந்த எண்ணுக்கு நட்சத்திரம் போட்டு, தொந்தரவு செய்யாதே அமைப்பில் நட்சத்திர எண்களுக்கு விலக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. பள்ளியிலிருந்து வரும் மெசேஜ் அதிகமாகிவிட்டது என்று எரிச்சலில் "ஸ்டாப்" என்று பதில் அனுப்பிவிடாதீர்கள். புத்தகக் கண்காட்சிச் செய்தியை நிறுத்துவதாக நினைத்து அனுப்புவீர்கள், அந்த எண்ணிலிருந்து வரும் எல்லாமே நின்றுபோகும், லாக்டவுன் செய்தி உட்பட. எது வேண்டும், எது வேண்டாம் என்பதை ஆப்பின் செட்டிங்கில் போய் மாற்றுங்கள்.

படி 3: ஐந்து சொற்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

2006 செப்டம்பர் 27 அன்று கொலராடோ மாநிலத்தின் பெய்லி என்ற சின்ன ஊரில், பிளாட் கேன்யன் உயர்நிலைப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்து மாணவிகளைப் பிடித்துவைத்தான். எமிலி கீஸ் என்ற 16 வயது மாணவி அதில் உயிரிழந்தாள். சிறைப்பட்டிருந்த நேரத்தில் அவள் பெற்றோருக்கு அனுப்பிய மெசேஜ், "ஐ லவ் யூ கைஸ்". அவளுடைய பெற்றோர் அந்தச் சொற்களையே பெயராக வைத்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஆபத்து நேரத்தில் பள்ளிக்கு ஒரு சொல், போலீசுக்கு ஒரு சொல், பெற்றோருக்கு ஒரு சொல் என்று இருக்கக் கூடாது, எல்லோருக்கும் ஒரே சொல் வேண்டும் என்பதுதான் அவர்கள் முன்வைத்த எளிய யோசனை. 2009இல் அது ஒரு வழிமுறையாக வந்தது. இன்று நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகள் அந்த ஐந்து சொற்களைத்தான் பயன்படுத்துகின்றன. டெக்சஸ் பள்ளிகளிலும் இவைதான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு குடும்பம் தன் மகளை இழந்த துக்கத்திலிருந்து எல்லார் பிள்ளைகளுக்காகவும் உருவாக்கியது இது. எனக்கு ஒவ்வொரு முறையும் இது நினைவுக்கு வரும்.

ஹோல்ட் என்றால் வகுப்பிலேயே இருங்கள், வராந்தாவில் யாரும் நடமாட வேண்டாம். பெரும்பாலும் உடல்நலக் காரணம்தான். ஒரு மாணவருக்கு வலிப்பு வந்து ஆம்புலன்ஸ் வருகிறது, ஸ்ட்ரெச்சருக்கு வழி வேண்டும், அந்தக் குழந்தையை மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடாது. பாடம் நடந்துகொண்டே இருக்கும்.

செக்யூர் என்றால் ஆபத்து பள்ளிக்கு வெளியே. எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும், வெளிக்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள், உள்ளே வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும். பக்கத்துக் கடையில் திருட்டு, தெருவில் போலீஸ் துரத்தல், சில சமயம் விளையாட்டு மைதானத்தில் ஒரு வெறிநாய். முன்பு இதற்கு லாக்அவுட் என்று பெயர். லாக்டவுன் என்று காதில் விழுந்து குழப்பம் வந்ததால் மாற்றினார்கள்.

லாக்டவுன் என்றால் ஆபத்து பள்ளிக்கு உள்ளே, அல்லது வாசலில். வகுப்பறைக் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். யார் தட்டினாலும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

எவாக்யுவேட் என்றால் கட்டிடத்தை விட்டு, சொல்லப்படும் இடத்துக்குப் போவது. ஷெல்டர் என்றால் சூறாவளி, நச்சு வாயுக் கசிவு போன்றவற்றுக்காக ஒதுங்குவது. டோர்னேடோ வந்தால் ஜன்னல் இல்லாத உள் வராந்தாவில் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்து உட்காருவார்கள். இந்த இரண்டுக்கும் பின்னாலேயே காரணத்தையும் சொல்லுவார்கள், அதனால் குழப்பம் குறைவு.

தமிழில் தானியங்கி மொழிபெயர்ப்பை வைத்திருக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த ஐந்து சொற்களையும் இயந்திரம் அகராதிப்படிதான் பெயர்க்கும். "செக்யூர்" என்பது "பாதுகாப்பானது" என்று வந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். "ஷெல்டர்" தங்குமிடம் ஆகிவிடும். "லாக்டவுன்" என்றாலே 2020க்குப் பிறகு நமக்கு ஊரடங்குதான். அத்தை, பாட்டி வீட்டில் இருந்து அந்த மெசேஜைப் படித்தால் மறுபடியும் கொரோனாவா என்று கேட்பார்கள். அதனால் சாதாரணச் செய்திகளைத் தமிழில் வைத்துக்கொண்டாலும், இந்த ஐந்தையும் ஆங்கில ஒலியிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் மகள்தான் எழுதி ஒட்டினாள்.

அதே சொல்லோடு "டிரில்" என்று இருந்தால் அது பயிற்சி. நியூஜெர்சியில் மாதம் ஒரு தீப் பயிற்சியும் ஒரு பாதுகாப்புப் பயிற்சியும் சட்டப்படி நடக்கும். பயிற்சி நடந்த அன்றே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. டெக்சஸில் லாக்டவுன் பயிற்சி வருஷத்துக்கு இரண்டு. மெசேஜின் முதல் வரியில் இந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மீதியைப் படியுங்கள்.

படி 4: மெசேஜ் வந்த அந்த நிமிடம்

முழுவதையும் படியுங்கள். எந்தப் பள்ளி? உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இரண்டு பள்ளியில் என்றால் இது முக்கியம். ஐந்தில் எந்தச் சொல்? எத்தனை மணிக்கு அனுப்பியது? மெசேஜ் உங்களை அடையத் தாமதமாகியிருக்கலாம், அதற்குள் நிலைமை மாறியிருக்கலாம்.

முதல் செய்தி சிறியதாகவும் மொட்டையாகவும் இருக்கும். பள்ளிக்கே அந்த நேரத்தில் முழுதும் தெரியாது. சில சமயம் அது தவறாகவும் இருந்துவிடும், இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 2022 மே 24 அன்று டெக்சஸின் உவால்டே ஊரில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். கொலையாளி பள்ளிக்குள் நுழைந்தது காலை 11:33க்கு. 11:43க்குப் பள்ளி வெளியிட்ட அறிவிப்பு, அந்தப் பகுதியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதால் லாக்டவுன், மாணவர்களும் ஊழியர்களும் கட்டிடத்துக்குள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று சொன்னது. அதற்குப் பிறகு டெக்சஸ் சட்டமன்றக் குழு விசாரித்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. அந்த வருஷம் பிப்ரவரி முதல் அங்கே கிட்டத்தட்ட 50 எச்சரிக்கைகள் வந்திருந்தன. பெரும்பாலும் போலீஸ் துரத்திய வண்டிகளிலிருந்து ஆட்கள் குதித்து ஓடியதற்காக. அடிக்கடி வந்ததால் எச்சரிக்கையின் கூர்மை மழுங்கிப்போயிருந்தது என்றது அறிக்கை.

இதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பத்து முறை ஒன்றுமில்லாமல் போனது என்பதற்காகப் பதினோராவது மெசேஜைப் படிக்காமல் விடாதீர்கள். அதேபோல், முதல் செய்தியில் "எல்லோரும் பத்திரம்" என்று இருந்தால் அடுத்த செய்தி வரும்வரை ஃபோனைக் கீழே வைக்காதீர்கள். டெக்சஸில் வெடிகுண்டு மிரட்டலோ தாக்குதல் மிரட்டலோ வந்தால், அந்தப் பள்ளியின் எல்லாப் பெற்றோருக்கும் முடிந்தவரை சீக்கிரம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மிரட்டல் பொய் என்று போலீஸ் நினைத்தாலும் செய்தி வருவதற்கு அதுதான் காரணம்.

பள்ளிக்கு ஃபோன் போடாதீர்கள். தவிப்பு எனக்குத் தெரியும், நானும் போட்டவள்தான். அலுவலகத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர் அந்த நேரத்தில் போலீசோடு பேசிக்கொண்டிருப்பார்கள், இல்லை கதவைப் பூட்டிக்கொண்டு மறைந்திருப்பார்கள். லாக்டவுன் என்றால் பிள்ளையின் ஃபோனுக்கும் அழைக்காதீர்கள். ஒளிந்திருக்கும் அறையில் ஃபோன் ஒலிப்பதும் திரை ஒளிர்வதும் ஆபத்து. டெக்சஸில் 2025இல் வந்த சட்டத்தால் பள்ளி நேரத்தில் மாணவர்கள் சொந்த ஃபோனைப் பயன்படுத்தக் கூடாது. அதனால் பதில் வராதது கெட்ட செய்தி ஆகாது.

பள்ளிக்கு ஓடாதீர்கள் என்று சொல்வதுதான் எனக்கே கஷ்டமாக இருக்கிறது. உவால்டேயில் பெற்றோர் வாசலில் நின்று கதறியதைப் பார்த்த பிறகு யாரால் வீட்டில் உட்கார முடியும்? இருந்தாலும் சொல்கிறேன். ஆம்புலன்ஸ் வரும் வழியை நம் வண்டிகள் அடைத்துவிடக் கூடாது. அதோடு, பிள்ளைகளை ஒப்படைக்கும் இடம் பெரும்பாலும் பள்ளியாக இருக்காது. வேறொரு இடம் என்று செய்தி வரும்போது நீங்கள் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் சிக்கிக்கொண்டிருப்பீர்கள். சாவி, அடையாள அட்டை, சார்ஜ் உள்ள ஃபோன், இவற்றை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குக் காத்திருங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப் குழு. நம் சமூகக் குழுக்கள் எனக்கு உயிர். வீடு மாறியபோதும் பிரசவத்தின்போதும் கைகொடுத்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதை நம்பாதீர்கள். "என் பையன் ஃபிரண்டோட அம்மா சொன்னாங்களாம்" என்று ஒன்று வரும். பத்து நிமிடத்தில் அது மூன்று குழுக்களுக்குப் போய், துப்பாக்கிச் சூடு என்று ஆகிவிடும். டிஸ்ட்ரிக்டின் செய்தியை அப்படியே பகிருங்கள். அதற்கு மேல் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பாட்டிகள் குழுவில் இருந்தால், என்ன சொல் வந்திருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழில் ஒரு குரல்பதிவு போடுங்கள். அது பெரிய உதவி.

படி 5: பிள்ளையைக் கையில் வாங்கும் இடம்

பெரிய சம்பவம் என்றால் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி ஒரு சர்ச்சுக்கோ அரங்கத்துக்கோ வேறு பள்ளிக்கோ கொண்டுபோவார்கள். அங்கே ஒழுங்காக ஒப்படைப்பதற்கும் அதே கீஸ் குடும்பத்தின் அறக்கட்டளை ஒரு முறையை வகுத்திருக்கிறது. பிள்ளையின் குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் வரிசைகள் இருக்கும். இங்கேதான் நம் நிலா செந்திலின் அம்மா தன் பெயரான ஆர் வரிசையில் போய் நின்று காத்திருப்பார். நிற்க வேண்டியது எஸ் வரிசையில். பள்ளிப் பதிவில் பிள்ளையின் குடும்பப் பெயர் எது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

வரிசையில் ஓர் அட்டையை நிரப்பிக் கொடுத்து, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். சரிபார்த்ததும் அந்த அட்டையை இரண்டாகக் கிழிப்பார்கள். ஒரு பாதி அவர்களிடம், மறு பாதி உங்களிடம். அந்தப் பாதியை வாங்கிக்கொண்டு ஒருவர் உள்ளே போய்ப் பிள்ளையை அழைத்துவருவார். பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து நீங்கள் நிற்கும் இடம் தெரியாதபடி அமைத்திருப்பார்கள். மணிக்கணக்கில் ஆகலாம். தண்ணீர், பிள்ளை தினமும் எடுக்கும் மருந்து இருந்தால் அது, கையோடு கொண்டுபோங்கள். யாரோ ஒருவர் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இவ்வளவு நிதானம்.

அவர்கள் சொல்லாதது

சம்பவம் முடிந்து மாலையில் வரும் ஈமெயில் பல பெற்றோருக்குக் கோபமூட்டும். "ஒரு மாணவர்" என்று இருக்கும், பெயர் இருக்காது, என்ன தண்டனை என்று இருக்காது. 1974இல் வந்த ஃபெர்பா என்ற சட்டம்தான் காரணம். மாணவரின் கல்விப் பதிவை மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது. உங்கள் பிள்ளையைக் காப்பதும் அதே சட்டம்தான் என்று நினைத்துப் பாருங்கள். அதே சட்டப்படி உங்கள் பிள்ளையின் பதிவுகளை நீங்கள் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். பிள்ளைக்கு 18 வயது ஆனதும் அந்த உரிமை பிள்ளைக்கு மாறிவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை.

பெயர், வகுப்பு, புகைப்படம் போன்றவற்றை "டைரக்டரி" விவரம் என்று பள்ளி வெளியே கொடுக்கலாம். வேண்டாம் என்றால் ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கட்டமும் ஆகஸ்ட் படிவத்தில்தான் இருக்கிறது.

மற்ற நாட்களின் செய்திகள்

பள்ளி வாழ்க்கை என்பது ஆபத்து மட்டுமல்ல, சந்தோஷமான செய்திகள்தான் அதிகம். தொடக்கப் பள்ளியில் வாரம் ஒருநாள் பிள்ளையின் பையில் ஒரு காகித உறை வரும். எங்கள் பக்கம் அது வியாழக்கிழமை. அதில் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களும் பிள்ளை எழுதியவையும் இருக்கும். கிளப், கோடை முகாம் விளம்பரங்கள் பல டிஸ்ட்ரிக்டுகளில் பீச்ஜார் வழியாக ஈமெயிலில் வரும். நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் காகிதம் நின்றுவிடும், எல்லாம் போர்ட்டல்தான். பாடத் தேர்வு, பேண்ட், ஆர்கெஸ்ட்ரா இவற்றுக்கான கடைசித் தேதிகள் ஈமெயிலில் ஒரு வரியாகக் கடந்துபோகும். அந்த ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டு அடுத்த வருஷம் வருத்தப்பட்டவர்கள் நிறைய. வாரத்தில் ஒருநாள், ஞாயிறு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் ஈமெயிலையும் போர்ட்டலையும் பாருங்கள். போதும்.

பனி, உறைமழை என்றால் விடியற்காலை ஐந்தரைக்கு அழைப்பு வரும். விடுமுறையா, இரண்டு மணி நேரத் தாமதமா என்று முழுவதையும் கேட்டுவிட்டு வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ், பூச்சிமருந்து பற்றிய நீண்ட ஆண்டு அறிவிப்புகளைப் பார்த்து உங்கள் பள்ளியில் ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படாதீர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆஸ்பெஸ்டாஸ் பராமரிப்புத் திட்டம் பற்றி ஒவ்வொரு வருஷமும் தெரிவித்தாக வேண்டும். விடுமுறைப் பட்டியலை மட்டும் முதலிலேயே காலண்டரில் ஏற்றிவிடுங்கள். நியூயார்க் நகரப் பள்ளிகளில் 2024 முதல் தீபாவளி விடுமுறை. மற்ற இடங்களில் பெரும்பாலும் நீங்கள்தான் முன்கூட்டியே எழுதி விடுப்புக் கேட்க வேண்டும்.

நீங்கள் சொல்ல வேண்டியவை

செய்தி ஒருவழிப் பாதை இல்லை. பிள்ளை வராவிட்டால் அன்று காலையிலேயே வருகைப் பதிவு எண்ணுக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பள்ளிதான் உங்களைத் தேடி அழைக்கும். வேர்க்கடலை ஒவ்வாமை, ஆஸ்துமா இருந்தால் நர்சிடம் எழுத்தில் கொடுங்கள். பேச்சுவாக்கில் ஆசிரியரிடம் சொன்னது அவர் விடுப்பில் இருக்கும் நாளில் உதவாது.

பிள்ளை வீட்டுக்கு வந்து, "ஒரு பையன் பயமுறுத்துற மாதிரி ஏதோ போட்டிருக்கான்" என்று சொன்னால், நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிடாதீர்கள். வந்த நாட்டில் யார் வாயிலும் விழ வேண்டாம் என்ற நம் எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெயர் சொல்லாமல் தெரிவிக்கப் பல டிஸ்ட்ரிக்டுகளில் ஏதாவது ஒரு வழி இருக்கிறது. கொலராடோவில், 1999இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு, மாநிலம் முழுமைக்கும் சேஃப்2டெல் என்ற அமைப்பே உருவானது. அந்தப் பையனுக்கும் அதனால் உதவி கிடைக்கலாம். பிள்ளையே மனம் உடைந்து பேசினால் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். 2022 ஜூலை முதல் நாடு முழுக்க இயங்குகிறது.

குறை இருந்தால் முதலில் வகுப்பு ஆசிரியர், பிறகு உதவி முதல்வர், முதல்வர், அதன்பின் டிஸ்ட்ரிக்ட் அலுவலகம் என்ற வரிசையில் போங்கள், ஈமெயிலில் போங்கள், தேதி பதிவாகும். அதற்கும் பதில் இல்லையென்றால் போர்டு கூட்டம். யார் வேண்டுமானாலும் போகலாம், பெயர் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். டெக்சஸில் 10,000 மாணவர்களுக்கு மேல் உள்ள டிஸ்ட்ரிக்டுகள் கூட்டத்தின் வீடியோவை இணையத்தில் போட வேண்டும் என்பதால், ஒன்றிரண்டு பார்த்துப் பழகிக்கொண்டு போகலாம். எங்கள் டிஸ்ட்ரிக்டில் மொழிபெயர்ப்புப் பட்டியலில் தமிழ் இல்லாமல் இருந்தது. நாங்கள் நான்கு அம்மாக்கள் சேர்ந்து போய், ஒருவர் பேசினோம். உடனே எதுவும் நடக்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் படிவத்தைத் திறந்தபோது மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது.

மகள் இப்போது உயர்நிலைப் பள்ளி. போன வாரம் தம்பிக்குக் கிண்டர்கார்டனில் முதல் லாக்டவுன் பயிற்சி. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவனிடம் எங்கே உட்கார்ந்தாய் என்று கேட்டேன். அலமாரிக்குப் பின்னால், ஆசிரியை பக்கத்தில், என்றான். பயமாக இருந்ததா என்று நான் கேட்பதற்குள் அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் போய், அந்தத் தாளில் இருந்த ஐந்து சொற்களையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.